தூரம் ஒன்று, நேரம் நான்கு

கோலாலம்பூருக்கும் சென்னைக்கும் இடையே வான்வழித் தூரம் ஏறக்குறைய 2,600 கிலோமீட்டர். இந்த எண்ணில் யாருக்கும் தகராறு இல்லை. எவ்வளவு நேரம் ஆகும் என்ற கேள்வியில்தான் ஒரே வீட்டுக்குள் நான்கு கட்சிகள் கிளம்புகின்றன.

முதலாவது, பறக்கும் நேரம். மணிக்கு 850 கிலோமீட்டர் வேகத்தில் ஜெட் விமானம் மூன்று மணி நேரத்தில் போய்விட வேண்டும். ஓடுபாதைவரை ஊர்வது, மேலேறுவது, வேகம் குறைத்து இறங்குவது எல்லாம் சேர்ந்து அதை நான்கு மணி நேரமாக்குகின்றன.

இரண்டாவது, கடிகார நேரம். மலேசியா இந்தியாவைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. காலை 9 மணிக்குப் புறப்படுபவர் சென்னைக் கடிகாரத்தில் 10.30க்கே இறங்கிவிடுவார், ஒன்றரை மணி நேரம்தான். சென்னையில் இரவு 11 மணிக்கு ஏறித் திரும்புபவர் கோலாலம்பூர் விமான நிலையம் இருக்கும் சிப்பாங்கில் இறங்கும்போது விடியற்காலை 5.30. போகும்போது வட்டியில்லாமல் கொடுத்த இரண்டரை மணி நேரத்தை, வரும்போது தூக்கத்தில் பிடித்துக்கொள்கிறார்கள். 1981 முடியும்வரை இந்த வித்தியாசம் இரண்டு மணி நேரமே. சபா, சரவாக்கோடு ஒத்துப்போக, 1982 ஜனவரி 1 அன்று தீபகற்ப மலேசியா கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளியது. எந்த விமானியும் வேகத்தைக் கூட்டாமலேயே மெட்ராஸ் அரை மணி நேரம் கிட்டத்தில் வந்தது. திரும்பும் வழி அதே அளவு நீண்டதைப் பற்றி யாரும் பெருமை பேசியதில்லை.

மூன்றாவது, தாத்தா நேரம். இதன் அலகு நாள். 1926இல் ஓடத் தொடங்கிய ‘ரஜூலா’ கப்பல், மெட்ராஸ், நாகப்பட்டினம், பினாங்கு, கிள்ளான் துறைமுகம், சிங்கப்பூர் என்று 1973வரை ஆட்களை ஏற்றி இறக்கியது. ஏறக்குறைய ஒரு வாரப் பயணம். அதில் வாந்தியெடுத்து வந்தவர்கள் முன்னிலையில், விமானத்தில் கால் நீட்ட இடமில்லை என்ற புகார் எடுபடாது.

நான்காவது, வாசலுக்கு வாசல் நேரம். விமான நிலையம் சுபாங்கில் இருந்தவரை கிள்ளான்காரர்களுக்கு அது பக்கத்து ஊர். 1998இல் அது சிப்பாங்குக்குப் போனது. பிரிக்பீல்ட்ஸ்காரர்களுக்குச் சென்ட்ரல் நிலையத்திலிருந்து 57 கிலோமீட்டர்; விரைவு ரயிலில் 28 நிமிடம். கிள்ளான் குடும்பம் காரில் போகிறது. வழியனுப்ப இன்னொரு கார் பின்னால் வருகிறது. பெட்டி எடை கூடி, மைலோவா கோடாலித் தைலமா எதை வெளியே எடுப்பது என்று கவுண்டர் முன் மந்திராலோசனை நடக்கும் என்பதால், மூன்று மணி நேரம் முன்பே போய்விட வேண்டும். சென்னை மீனம்பாக்கத்தில் குடிநுழைவு வரிசை, பெட்டிக்குக் காத்திருப்பு, அப்புறம் மாம்பலம் போகும் டாக்சி.

எல்லாவற்றையும் கூட்டினால் பத்து, பதினொரு மணி நேரம். அதில் ஆகாயத்தின் பங்கு நான்கு. மிச்ச நேரத்தையெல்லாம் விழுங்கும் தரைவழியின் மொத்த நீளம் நூறு கிலோமீட்டர்கூட வராது.