ஆமைக்கும் கண் கூசும்

வாசகி, ஈஸ்ட் ஹாம், லண்டன்
கேள்வி: புது யூவி (புற ஊதா) விளக்கு மாட்டியதிலிருந்து எங்கள் ஹெர்மன் ஆமை கண்ணைத் திறக்கவே மாட்டேன் என்கிறது. தூக்கமா, கோபமா?

பதில்: கோபம்தான் அம்மா. உங்கள் மேல் அல்ல, விளக்கின் மேல். முதல் வேலையாக அதை அணையுங்கள். சூடு தரும் விளக்கு தனியாக இருந்தால் அது எரியட்டும். இரண்டும் ஒரே பல்பு என்றால் வெறும் வெப்ப பல்பை மாட்டுங்கள். ஒரு வாரம் யூவி இல்லாவிட்டால் ஓடு இளகிவிடாது. ஒரு வாரம் கண் வெந்தால் ஆமை பட்டினி கிடக்கும், ஏனென்றால் அது பார்த்தும் மோந்தும்தான் தீனியைத் தேடுகிறது. தினமும் கொஞ்ச நேரம், தலை வெளியே நிற்கிற ஆழத்தில், வெதுவெதுப்பான தண்ணீரில் விடுங்கள். உடம்பில் நீர் வற்றாது.

விளக்குதான் குற்றவாளி என்றால் சில நாளில் கண் திறக்கும். திறக்கவில்லை, பீளை தள்ளுகிறது, மூக்கு ஒழுகுகிறது என்றால் நீங்கள் என்னை விட்டுவிட்டு மருத்துவரைப் பாருங்கள். அவர் ஊர்வன வைத்தியம் தெரிந்தவராக இருக்க வேண்டும். நாய் பார்க்கிறவர் எல்லாம் ஆமை பார்க்கிறவர் அல்ல.

வாசகர், கோயம்புத்தூர்
கேள்வி: வெறும் வெளிச்சம் கண்ணைப் புண்ணாக்குமா? நம்ப முடியவில்லையே!

பதில்: உங்கள் ஊரில் பட்டறைக்கா பஞ்சம்? முகமூடி போடாமல் வெல்டிங் பார்த்த பையனைக் கேளுங்கள். பார்க்கும்போது ஒன்றும் தெரியாது. சில மணி நேரம் கழித்து, ராத்திரியில், கண்ணுக்குள் மணலை அள்ளிக் கொட்டியது மாதிரி எரியும். கருவிழியின் மேல்தோல் புற ஊதாக் கதிரில் வெந்துபோவதுதான் அது. ஆமைக்கும் அதே நோய்தான். சொல்ல வாய்தான் இல்லை.

வாசகர், ஸ்காபரோ, கனடா
கேள்வி: யூவி அவ்வளவு மோசம் என்றால் அந்த விளக்கே வேண்டாம் என்று விட்டுவிடலாமே?

பதில்: கண்ணைக் காப்பாற்றி முதுகைத் தொலைப்பதா? யூவியில் யூவிபி என்ற பகுதி தோலில் பட்டால்தான் வைட்டமின் டி3 உருவாகும். டி3 இருந்தால்தான் தின்ற கால்சியம் எலும்புக்கும் ஓட்டுக்கும் போய்ச் சேரும். இல்லையென்றால் ஓடு மெத்தென்றாகும், கால் வளையும், கடைசியில் நடக்கவே முடியாது.

யூவியிலும் நல்லது கெட்டது உண்டு. பூமிக்கு வந்து சேரும் சூரிய ஒளியில் ஏறக்குறைய 290 நானோமீட்டருக்குக் கீழே அநேகமாக ஒன்றுமே இல்லை. வளிமண்டலத்தின் ஓசோன் தடுத்துவிடுகிறது. அதற்கு மேல் 315 வரை உள்ள பட்டைதான் டி3 தருவது. சூரியன் அனுப்பாத குட்டை அலைகளை ஒரு பல்பு கக்கினால், அதைத் தாங்குகிற கண் உலகில் எந்த ஆமைக்கும் கிடையாது. 2000-களின் நடுவில் வந்த சில சுருள் பல்புகள் இந்த வேலையைத்தான் செய்தன. வீட்டுக்கு வீடு ஆமைகள் இமை வீங்கிப் படுத்தன. பல்பைக் கழற்றியதும் எழுந்தன. பேர் ஊர் தெரியாத மலிவு பல்பு இன்றும் விற்கிறது. ஆமைக்கு நீண்ட ஆயுசு. பல்பில் நாலு டாலர் மிச்சம் பிடிக்காதீர்கள்.

கல்லூரி மாணவர், திருச்சி
கேள்வி: பேசாமல் ஆமைக்கு ஒரு கூலிங்கிளாஸ் மாட்டிவிட்டால்?

பதில்: பிறக்கும்போதே மாட்டிக்கொண்டுதான் வந்திருக்கிறது தம்பி! ஆமையின் கண்ணுக்கு மேலே புருவ மேடும் தடித்த மேலிமையும் நீட்டிக்கொண்டிருக்கும். உச்சியிலிருந்து வரும் வெயில் அதில் தட்டுப்பட்டு நின்றுவிடும். பக்கவாட்டில் சாய்த்து மாட்டிய விளக்கோ நேரே கண்மணிக்குள் பாயும். எந்தக் காட்டிலும் சூரியன் முழங்கால் உயரத்தில் நின்று நாளெல்லாம் டார்ச் அடிப்பதில்லை. விளக்கை நட்டுக்குத்தாகத் தலைக்கு மேலே தொங்கவிடுங்கள். பாதிப் பேர் வீட்டு ஆமைக்கு அதுவே வைத்தியம்.

வாசகர், ஹாரோ, லண்டன்
கேள்வி: மேலே என்றால் எவ்வளவு மேலே?

பதில்: விளக்கு வந்த அட்டைப்பெட்டியில் எழுதியிருக்கும் தூரம்தான் தொடக்கம். அதைத் தரையிலிருந்து அளக்காதீர்கள், ஆமை ஓட்டின் உச்சியிலிருந்து அளந்து பாருங்கள். யூவி குறியீட்டு மீட்டர் ஒன்று இரவல் கிடைத்தால் இன்னும் நல்லது. ஹெர்மன் போன்ற மத்தியதரைக் கடல் ஆமைகளுக்குக் குளிர்காயும் இடத்தில் குறியீடு 3, 4 என்று இருந்தால் போதும். சென்னைக் கோடை உச்சி வெயிலில் அது 11-ஐத் தாண்டும். ஆனால் வெயில் காட்டு ஆமை அந்த நேரத்தில் வெளியே நிற்பதில்லை. காலையில் காய்ந்துவிட்டு, உச்சிப் பொழுதில் புதருக்குள் போய்விடும்.

அந்தப் புதர்தான் உங்கள் ஆமைப் பெட்டியில் இல்லை! விளக்கு ஒரு கோடியில். மறு கோடியில் நிழல், செடி, ஒளிய ஒரு மூலை. கூசினால் விலகிப்போக இடம் கொடுங்கள். எவ்வளவு வெயில் வேண்டும் என்று உங்களைவிட, என்னைவிட ஆமைக்குத் தெரியும். பெட்டி முழுக்க ஒளியைக் கொட்டிவிட்டு "கண்ணை மூடிக்கொள்கிறதே" என்றால், அது வேறு எதை மூடும்?

வாசகி, பிரிஸ்பேன்
கேள்வி: இரவில் சிவப்பு பல்பு போடுகிறேன். சிவப்பு ஆமைக்குத் தெரியாதாமே?

பதில்: சொன்னவருக்குத் தெரியாது, ஆமைக்கு நன்றாகவே தெரியும். நம் கண்ணில் நிறமறியும் கூம்பு செல்கள் மூன்று வகை. செங்காது நீர் ஆமையின் கண்ணில் நான்கு: சிவப்பு, பச்சை, நீலத்தோடு நாம் காணாத புற ஊதாவும் அதற்குத் தெரியும். 12 மணி நேரம் ஒளி, பிறகு கும்மிருட்டு. குளிர் அதிகமென்றால் ஒளியே விடாத பீங்கான் வெப்பக் குமிழ் இருக்கிறது, தெர்மோஸ்டாட்டோடு மாட்டுங்கள்.

வாசகர், கோலாலம்பூர்
கேள்வி: தொற்றுக் காலத்தில் வாங்கிய கிருமி கொல்லும் யூவி விளக்கு சும்மா கிடக்கிறது. ஆமைக்குப் போடலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம்! அது 254 நானோமீட்டர். கிருமியைக் கொல்லுகிற அதே கதிர் ஆமையின் கண்ணையும் உங்கள் கண்ணையும் சேர்த்தே எரிக்கும். சும்மாவே கிடக்கட்டும்.

இல்லத்தரசி, சேலம்
கேள்வி: கண் வீக்கத்துக்கு வைட்டமின் ஏ ஊசி போடலாம் என்கிறார்களே?

பதில்: ஏ குறைந்தால் இமை வீங்குவது உண்மை. ஆனால் அது பெரும்பாலும் காய்ந்த இறாலை மட்டுமே தின்று வளரும் நீர் ஆமைகளின் நோய். இலை தழை மேயும் தரை ஆமைக்கு அபூர்வம். தேவையில்லாமல் ஏ ஊசி ஏறினால் தோல் உரிந்து விழும். மருத்துவர் பார்க்காமல் ஊசி கூடாது. வீட்டில் மிச்சமிருக்கும் கண் சொட்டு மருந்தும் கூடாது. அதில் ஸ்டீராய்டு இருந்து, கருவிழியில் புண்ணும் இருந்தால் பார்வையே போகும்.

வாசகர், ஆஷ்ஃபர்டு
கேள்வி: விளக்கை ஜன்னலுக்கு வெளியே மாட்டினால் கண்ணுக்கு இதமாக இருக்குமே?

பதில்: இருக்கும். சாதாரணக் கண்ணாடி யூவிபியைத் தடுத்துவிடும். வெளிச்சமும் சூடும் வரும், டி3 வராது.

பள்ளி ஆசிரியை, நெல்லை
கேள்வி: பார்வை போன ஆமை பிழைக்குமா?

பதில்: செயின்ட் ஹெலினா தீவின் ஆளுநர் மாளிகை ஆமை ஜோனதன் 1832 வாக்கில் பிறந்தது என்கிறார்கள். கண்புரையால் பார்வை போயிற்று, மோப்பமும் போயிற்று. ஊட்டிவிட ஆள் கிடைத்ததால் பிழைத்தது. ஆளுநர் மாளிகை ஆமைக்கு ஆள் கிடைக்கும். நம் வீட்டு ஆமைக்குக் கண்தான் துணை.

வாசகர், மதுரை
கேள்வி: வீட்டில் நட்சத்திர ஆமை இருக்கிறது, கண் வீங்கியிருக்கிறது. எந்த விளக்கு வாங்கட்டும்?

பதில்: எந்த விளக்கும் வேண்டாம் ஐயா. நட்சத்திர ஆமையை வீட்டில் வைத்திருப்பது 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். 2022 திருத்தத்தில் அது முதல் அட்டவணைக்கே ஏறிவிட்டது. 2019-ல் உலக நாடுகளும் அதன் வாணிபத்துக்குக் கதவைச் சாத்தின. அதிர்ஷ்டம் வரும் என்று யாரோ விற்றிருப்பார்கள். ஆமைக்கு அதில் என்ன அதிர்ஷ்டம்? அது நம் வறண்ட புதர்க்காட்டுப் பிள்ளை. அதற்குரிய வெயிலும் நிழலும் அங்கேதான் இருக்கின்றன. வீங்கிய கண்ணுக்கு மருந்து இன்றே தேவை. நீங்களாகக் காட்டில் கொண்டுபோய் விடாதீர்கள். நோயோடு விட்டால் மற்ற ஆமைகளுக்கும் ஆபத்து. பக்கத்து வனச்சரக அலுவலகத்தில் இன்றைக்கே ஒப்படையுங்கள்.