விளக்குக் கம்பத்து நிழலிலிருந்து ஒரு விண்ணப்பம்

பலதியா (நகராட்சி) தோட்டத் துறை முதீர் (இயக்குநர்) அவர்களுக்கு,

லேபர் கேம்பிலிருந்து எழுதுகிறேன்.

முதலில் பாராட்டு. மேம்பாலச் சரிவிலும் ரவுண்டானா நடுவிலும் நீங்கள் வளர்க்கிற புல்லை எங்கள் தஞ்சாவூரில்கூட நான் பார்த்ததில்லை. மனுசக் கால் படாத புல்! சாலையைக் குறுக்கே கடந்து போய்த் தொட்டுப் பார்க்கலாம் என்றால் அபராதம். அங்கே நிற்கிற ஒரே ஆள், குழாயைச் சரிபார்க்கும் நம்மாள்தான்.

அந்தக் குழாய்த் தண்ணீரும் எங்களுக்குப் பழக்கமானதே. கேம்பில் நாங்கள் குளித்து, துவைத்து விட்ட கழிவுநீரைத்தானே சுத்திகரித்துச் சொட்டுநீராக விடுகிறீர்கள்? எங்கள் அழுக்குக்குக் கிடைத்த இடம் எங்களுக்குக் கிடைக்கவில்லை. பொறாமைதான், மன்னிக்கவும்.

சாலையோரப் பெட்டூனியா மீது எனக்குக் கோபமில்லை. குளிருக்கு வரும், வெயில் ஏறியதும் விசா கேன்சல். எங்கள் இனம்.

வருத்தமெல்லாம் நீங்கள் எங்கள் பக்கம் நடாத காஃப் மரத்தை நினைத்துத்தான். அமீரகத்தில் 2019-ஐச் சகிப்புத்தன்மை ஆண்டாக அறிவித்தபோது இதைத்தானே அந்த ஆண்டின் சின்னமாக வைத்தார்கள்? இது எங்கள் ஊர் வன்னி, ஐயா! விருத்தாசலத்தில் தல விருட்சம்; பாண்டவர்கள் ஆயுதங்களை ஒளித்து வைத்ததும் இதில்தான். ஆழத்தில் வேர்விட்டுத் தன் தண்ணீரைத் தானே தேடிக்கொள்ளும். கபீல் என்ற ஸ்பான்சர் தேவையில்லை. துபாய் முஷ்ரிஃப் பூங்காவில் போய்ப் பாருங்கள், நிழல் எப்படி விழுகிறதென்று. என்ன, வளர நாளாகும். திறப்பு விழாத் தேதிக்குத் தயாராகாது.

ரியாத் 75 லட்சம் மரம் என்கிறது. அமீரகம் 2030-க்குள் 10 கோடி அலையாத்தி என்கிறது. சந்தோஷம். ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30-இலிருந்து 3 மணிவரை வெயிலில் வேலை கூடாதென்ற சட்டமும் நல்ல சட்டம். ஆனால் 3.05-க்கு என்ன செய்வதென்று சூரியனுக்கு யாரும் சொல்லவில்லை.

எங்கள் பஸ் ஸ்டாப்பில் விளக்குக் கம்பத்தின் நிழல் மட்டும்தான் உண்டு. அதில் ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவராகப் பதினோரு பேர் நிற்கிறோம். நிழல் நகர நகர வரிசையும் நகரும். கடைசி ஆளுக்குக் காலில் மட்டும் நிழல்.

கோடிகளில் பங்கு கேட்கவில்லை. ஒரே ஒரு வன்னிக் கன்று கொடுங்கள். ஞாயிற்றுக்கிழமை லீவில் குழியை நாங்களே வெட்டிக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
வரிசையில் ஒன்பதாவது ஆள்