வரிசையில் நில்லுங்கள், மகாஜனங்களே

பல இணையதளங்கள் ஒரே சர்வரில் குடியிருந்தால், ஒன்றுக்கு வரும் கூட்டம் மற்றவற்றையும் சேர்த்து மூச்சுத் திணற வைத்துவிடும். விவரமான நிர்வாகி ஒவ்வொரு தளத்துக்கும் ஒரே நேரத்தில் இத்தனை இணைப்புதான் என்று லிமிட் வைப்பார். மேற்கொண்டு வருகிறவருக்கு 503 பிழை. பந்தியில் ஒருவனே அண்டாவைக் கவிழ்த்துக்கொள்ளக் கூடாது, அவ்வளவுதான். உத்தமமான ஏற்பாடு.

அந்த உத்தமத்தைக் கொல்கத்தாவில் அரங்கேற்றிய அழகைப் பாருங்கள். ஈடன் கார்டன்ஸ் மைதானத்தில் இந்தியா–தென்னாப்பிரிக்கா உலகக் கோப்பை கிரிக்கெட் ஆட்டம், 2023 நவம்பர் 5. டிக்கெட் விற்பனை செப்டம்பர் 2 இரவு, புக்மைஷோ இணையதளத்தில். சர்வர் படுக்காமலிருக்க மெய்நிகர் வரிசை. ரசிகன் கைபேசியைக் கும்பிட்டபடி உட்கார்ந்திருந்தான். தன் முறை வந்தபோது டிக்கெட் தீர்ந்திருந்தது.

தீர்ந்ததா? நான்கே நாளில் கிரிக்கெட் வாரியம், போட்டித் தொடர் முழுமைக்கும் இன்னும் சுமார் 4 லட்சம் டிக்கெட் விற்கப்போவதாக அறிவித்தது. அட்சய பாத்திரம் வாரிய அலுவலகத்தில்தான் இருக்கிறது போலும்!

2011 உலகக் கோப்பை இறுதி ஆட்ட டிக்கெட் விற்பனையில் தளமே நொறுங்கி விழுந்தது. அதையாவது மன்னிக்கலாம். நொறுங்கிய சர்வர் எல்லோரையும் ஒரே மாதிரி விரட்டியது.

2023-ல் ரசிகன் வரிசையில் நின்றான், டிக்கெட் மட்டும் கொல்லைப்புறமாக நடந்துபோனது. ஆட்டம் நெருங்க நெருங்கக் கள்ளச் சந்தை கொழித்தது. மைதான் காவல் நிலையத்தில் புகார். போலீஸ் சிலரைப் பிடித்தது, டிக்கெட்டுகளைக் கைப்பற்றியது, விற்பனை விவரம் கேட்டு வாரியத் தலைவர் ரோஜர் பின்னிக்கே நோட்டீஸ் அனுப்பியது. வெப்சைட் முன்னால் ஒரு டிக்கெட்டுக்குத் தவம் கிடந்தவனுக்கு லிமிட். தெருவில் கத்தை வைத்து விற்றவனுக்கு எந்தப் புண்ணியவான் லிமிட் வைத்தான்?

அன்றைக்கு விராட் கோலி, தன் 35-வது பிறந்தநாளில், 49-வது ஒருநாள் சதம் அடித்தார். தென்னாப்பிரிக்கா 83 ரன்னில் சுருண்டது. வரிசையில் நின்றவன் டிவியில் பார்த்துக் கைதட்டினான். அவன் கைதட்டுவான் என்று வாரியத்தாருக்குத் தெரியும், அந்தத் தைரியம்தான்.

ஈடனில் சுமார் 66,000 இருக்கை. வாரியத்தாரே, விற்பனை தொடங்குமுன் வாசலில் எழுதிப் போடுங்கள்: கிளப்புகளுக்கும் உறுப்பினர்களுக்கும் எத்தனை, விளம்பரதாரருக்கு எத்தனை, பொதுமக்களுக்கு எத்தனை. லட்சக்கணக்கானவர்களை வினாடி பிசகாமல் எண்ணி நிறுத்தத் தெரிந்த உங்களுக்கு இந்த மூன்று எண்ணை எழுதவா கை வரவில்லை?