வேய்க்கு வலிக்கவில்லை

ஸ்டுட்கார்ட்

நைனாவுக்கு,

"இது என்னடா பேரு, பாதியிலயே நின்னுபோச்சு"ன்னு என் பொண்ணுக்கு வெச்ச 'வேய்'ங்கற பேரைப் பத்தி போன்ல கேட்டீங்க. அதான் விளக்கமா எழுதறேன். அவ்வாவுக்கும் சத்தமாப் படிச்சுக் காட்டுங்க.

வேய்னா மூங்கில். தெலுங்குல வெதுரு. வெதுருகுப்பம்னு முழுசா வெச்சா இங்க டீச்சருக்கு நாக்கு சுளுக்கிக்கும்னு, ஊர்ப் பேர்ல இருந்து மூங்கிலை மட்டும் உருவிக்கிட்டேன். கார்வேட்டிநகரம் வேணுகோபாலசாமி கையில இருக்கற குழலும் அதே மூங்கில்தான். வேணுன்னு வெச்சிருந்தா தேங்காய் உடைச்சிருப்பீங்க!

நான் யோசிக்காம விட்டது ஜெர்மன் பாஷையை. இங்க 'வே'ன்னா வலி. பொண்ணு பிறந்த மறுநாள் காலையில நர்ஸம்மா வந்து என்கிட்ட ஏதோ கேட்டாங்க. பேரைத்தான் கேட்கறாங்கன்னு "வேய்"னு சொன்னேன். ஒரு மாத்திரையும் தண்ணியும் கொண்டுவந்து கையில கொடுத்தாங்க. பெத்தவ அவ, மாத்திரை எனக்கு. உங்க மருமக தையல் பிரிஞ்சுடும்போல சிரிச்சா.

பேர் பதியற ஆபீசுக்குப் பயந்துக்கிட்டேதான் போனேன். பிள்ளைக்குக் கெடுதல்னு தோணினா வேற பேர் கொண்டான்னு திருப்பி அனுப்புவாங்க. முன்னெல்லாம் பேரைக் கேட்டதும் ஆணா பெண்ணான்னு தெரியணும்னு பிடிவாதம் வேற. கிரண்னு பொண்ணுக்குப் பேர் வெச்ச நம்ம நாட்டு வம்சாவளிக் குடும்பம் ஒண்ணு, அரசியல் சாசனக் கோர்ட் வரைக்கும் போய் 2008ல ஜெயிச்சுது. அவங்க புண்ணியம், அந்தக் கேள்வி எனக்கு வரலை. "வலின்னா கூப்பிடப் போறீங்க?"ன்னு மட்டும் ஆபீஸ் அம்மா கேட்டாங்க. செல்போன்ல மூங்கில் படத்தைக் காட்டினேன். "ஓ, பாண்டா!"ன்னு முத்திரை குத்திட்டாங்க.

எதிர்வீட்டு அத்தைக்கு மூங்கிலும் இல்லை, வலியும் இல்லை, தெலுங்கு ஆயிரம்தான். "வேயியா? ஆயிரமா? வெக்கறதுதான் வெச்சே, லட்சம்னு வெக்கக்கூடாதா?"ங்கறாங்க.

அவ்வா முகம் சுளிச்சாங்கன்னு சொன்னீங்க. அவங்களுக்கு முன்னாடி பிறந்த ரெண்டும் தங்கலைன்னு, எருக்குழியில புரட்டியெடுத்து பெண்டம்மான்னு வெச்சது அவங்களுக்கு. குப்பைன்னு கேட்டா எமன் தொடமாட்டானாம். எண்பத்தாறு வயசாச்சு, இன்னும் தொடலை. அவங்களா என் பொண்ணு பேரைப் பார்த்து முகம் சுளிக்கறது?

போன வாரம் தடுப்பூசிக்குப் போனோம். டாக்டரம்மா கதவைத் திறந்து "வே!"ன்னாங்க. வரிசையில இருந்த பிள்ளைங்க அத்தனையும் வீல்னு கத்த, நம்மது மட்டும் கொட்டாவி விட்டுது.

சங்கராந்திக்கு வர்றோம். மூங்கில்னு கூப்பிடுங்க, ஆயிரம்னு கூப்பிடுங்க. அவ்வாவை மட்டும் "ஏய்"னு கூப்பிட வேண்டாம்னு சொல்லுங்க. அதுக்குத் திரும்பிப் பார்க்க ஆரம்பிச்சுட்டா.

உங்க பையன்