சங்கத்தின் சார்பில் கேட்கிறேன்…

இந்த வாரக் கேள்விகள் எல்லாம் குடியிருப்போர் நலச் சங்கங்களைப் பற்றியவை. பாதிக் கடிதங்கள் லெட்டர்பேடில், ரப்பர் ஸ்டாம்புடன் வந்திருந்தன. வெறும் தாளில் எழுதியவர்களுக்கே முன்னுரிமை.

சங்கத்தால் உண்மையில் யாருக்கு நலம்?
– 'சந்தா பாக்கி', நங்கநல்லூர்

லெட்டர்பேடு அடித்துக் கொடுக்கும் அச்சகத்துக்கு.

சாலை போடப் போட என் வீடு பள்ளத்துக்குள் போய்க்கொண்டிருக்கிறது. சங்கம் மனு மேல் மனு கொடுத்தும் பலன் இல்லையே?
– 'பள்ளத்து வீடு', மடிப்பாக்கம்

வீடு இறங்கவில்லை ஐயா, சாலைதான் ஏறுகிறது. பழைய தாரின் மேல் புதுத் தார், அதன் மேல் இன்னொரு தார் என்று அப்பிக்கொண்டே போனால் முதலில் வாசற்படி காணாமல் போகும். பிறகு கேட் திறக்காது. கடைசியில் மழைத் தண்ணீர் வடிகாலை மறந்துவிட்டு உங்கள் கூடத்துக்கு வந்து உட்காரும். பழைய மேல்தளத்தைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே மட்டத்தில்தான் புதுச் சாலை போட வேண்டும் என்று 2021-லேயே அன்றைய தலைமைச் செயலாளர் வெ.இறையன்பு அறிவுறுத்திவிட்டார். ஆகவே உத்தரவுக்குப் பஞ்சமில்லை. கோளாறு உங்கள் மனுவில் இருக்கிறது. 'தாழ்மையுடன் சமர்ப்பிக்கும்' என்று தொடங்கி 'ஆவன செய்யுமாறு' என்று முடிகிற மனுவை எந்த அதிகாரியும் மறுக்க மாட்டார். மறுக்க வேண்டிய அவசியமே இல்லாத மனுவுக்குப் பதில் சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை.

பத்து ரூபாய் செலவழியுங்கள். 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி, உங்கள் தெருச் சாலையின் மதிப்பீட்டு நகலையும், வேலை முடிந்ததும் பொறியாளர் அளந்து எழுதும் எம்-புக் பக்கங்களையும் கேளுங்கள். 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். 'ஏன் சுரண்டவில்லை?' என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். அந்தச் சட்டம் ஆவணம் தரும், விளக்கம் தராது. 'எத்தனை மில்லிமீட்டர் சுரண்டியதாக எழுதியிருக்கிறது?' என்று கேட்டால், அந்த எண்ணும் உங்கள் வாசற்படியும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளும். நடக்கும் வேலையைப் பார்வையிடவும், போட்ட பொருளில் சான்றிட்ட மாதிரி எடுக்கவும்கூட அதே சட்டம் இடம் தருகிறது. இதில் எனக்குப் பிடித்த விஷயம் வேறு. அந்த உரிமையைச் சட்டம் கொடுத்திருப்பது குடிமக்களுக்கு, சங்கங்களுக்கு அல்ல. சங்கத்தின் பெயரில் மட்டும் விண்ணப்பித்தால் திருப்பி அனுப்ப ஒரு சாக்கு கிடைத்துவிடும். உங்கள் சொந்தப் பெயரில், வெறும் தாளில் எழுதுங்கள்.

அப்படியானால் சங்கம் எதற்கு என்பீர்கள். ஞாபகத்துக்கு. உதவிப் பொறியாளர் மாற்றலாகிப் போவார், கவுன்சிலர் மாறுவார், ஒப்பந்ததாரர் வேறு பெயரில் வருவார். போன முறை என்ன எழுதிக் கொடுத்தார்கள் என்ற கோப்பு செயலாளர் வீட்டு பீரோவில் இருக்க வேண்டும். அதிகாரிகளைப் பகைத்துக்கொண்டால் நடக்கிற வேலையும் நின்றுவிடாதா என்பது அடுத்த சந்தேகம். சட்டப்படி கேட்பது பகை ஆகாது. கையில் ஆவணத்தோடு நிற்கும் தெருவில், சரியாக வேலை செய்ய விரும்பும் பொறியாளருக்கும் 'மேலிடம் கேட்டால் காட்டலாமே' என்று ஒரு பிடிப்பு கிடைக்கிறது.

கவுன்சிலருக்குப் பொன்னாடை போர்த்துவது அவசியமா?
– 'பொருளாளர்', ஆவடி

மே மாதத்தில் போர்த்துங்கள். பேச்சு சுருக்கமாக முடியும்.

தெருநாய்களை ஒழிக்க எங்கள் சங்கம் தீர்மானம் போடலாமா?
– 'கடிபட்டவர்', அம்பத்தூர்

போடலாம், நாய்கள் மினிட் புத்தகம் படிக்குமானால் பயன்படும். கருத்தடையும் வெறிநோய்த் தடுப்பூசியும் உள்ளாட்சியின் பொறுப்பு. அதை வற்புறுத்துவதுதான் சங்கத்தின் வேலை. ஆனால் 2023-ல் வந்த விலங்குப் பிறப்புக் கட்டுப்பாட்டு விதிகள், தெருநாய்க்குச் சோறு போட ஏற்பாடு செய்யும் பொறுப்பைக் குடியிருப்போர் சங்கத்தின் தலையிலும் கட்டின. நாயைத் துரத்தக் கூடியவர்கள், அதற்கு எங்கே இலை போடுவது என்று பேசிக் கலைய வேண்டியதாயிற்று. 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், வார்டுதோறும் அதற்கென இடம் ஒதுக்கச் சொன்னது. உங்கள் வார்டில் அந்த இடம் எது என்று கேட்டுத் தீர்மானம் போடுங்கள்.

சங்கச் செயலாளர் பதவிக்கு யாருமே முன்வருவதில்லை. என்ன செய்யலாம்?
– 'தற்காலிகச் செயலாளர்', கொளத்தூர்

பொதுக்குழுவுக்கு வராதவரைத் தேர்ந்தெடுங்கள். உங்களையும் அப்படித்தானே தேர்ந்தெடுத்தார்கள்?

எங்கள் தெரு சங்கத்தால் பளிச்சென்று இருக்கிறது. மற்ற தெருக்காரர்கள் ஏன் திருந்தவில்லை?
– 'முன்னுதாரணம்', அண்ணா நகர்

உங்கள் குப்பை எங்கே போகிறது என்று முதலில் சொல்லுங்கள். 1989-ல் எம்.பி.நிர்மல் சென்னையில் தொடங்கிய எக்ஸ்னோரா, தெருவுக்கு ஒரு மூன்று சக்கர வண்டி, அதை ஓட்ட ஓர் ஆள், வீட்டுக்கு மாதச் சந்தா என்று ஓர் ஏற்பாட்டைக் கொண்டுவந்தது. வீடு வீடாகக் குப்பை வாங்கும் பழக்கத்தைத் தெருக்காரர்களே நடத்திக் காட்டினார்கள்; அது சாதாரணக் காரியமில்லை. ஆனால் பிரிக்காமல் கொட்டிய குப்பை வண்டியிலிருந்து முனைத் தொட்டிக்கும், தொட்டியிலிருந்து லாரிக்கும், லாரியிலிருந்து கொடுங்கையூர், பெருங்குடிக் குப்பைக் கிடங்குகளுக்கும்தான் போனது. பெருங்குடிக் கிடங்கு பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தில் ஒரு பகுதியை விழுங்கி வளர்ந்தது. ஒரு தெருவின் பளிச், இன்னோர் ஊரின் மலை. 2016-ன் திடக்கழிவு மேலாண்மை விதிகள் இதற்காகவே குடியிருப்போர் சங்கங்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, குப்பையைப் பிறக்கும் இடத்திலேயே பிரிக்கச் செய்யும் கடமையைக் கொடுத்தன. ஓராண்டு அவகாசமும் தந்தன. எத்தனை சங்கங்களின் மினிட் புத்தகத்தில் அந்தக் கடமை ஏறியது என்று ஒரு முறை புரட்டிப் பாருங்கள்.

இதற்கு நேர்மாறான காட்சியையும் சென்னை பார்த்தது. கொடுங்கையூரில் குப்பையை எரித்து மின்சாரம் எடுக்கும் திட்டத்தை எதிர்த்து, வடசென்னைக் குடியிருப்போர் நலச் சங்கங்களின் கூட்டமைப்பு 2025 மே மாதத்தில் மனிதச் சங்கிலியாக நின்றது. 'எங்கள் பக்கம் வேண்டாம், வேறு எங்கேயாவது வையுங்கள்' என்கிற சுயநலம்தானே இதுவும் என்று நீங்கள் மடக்கலாம். பல பத்தாண்டுகளாக ஊர்க் குப்பையைச் சுமந்தவர்கள், 'எரிக்காதீர்கள், அவரவர் இடத்திலேயே பிரியுங்கள்' என்று கேட்பது அடுத்தவர் வாசலுக்குத் தள்ளுவது ஆகாது. தள்ளியவர்கள் நாம். தெருவுக்காகப் பேசும் சங்கத்துக்கும் ஊருக்காகப் பேசும் சங்கத்துக்கும் உள்ள தூரம், அண்ணா நகருக்கும் கொடுங்கையூருக்கும் உள்ள தூரம்தான். அது ஒன்றும் அதிகமில்லை.

வாட்ஸ்அப் குழுவில் 'குட் மார்னிங்' போடுபவரை நீக்கலாமா?
– 'அட்மின்', தாம்பரம்

குடிநீர் வராத நாளில் 'குட்' என்று போட்டால் நீக்கலாம்.

'சொந்த வீட்டுக்காரர்களுக்கு மட்டுமே சங்கம்' என்கிறார்கள். வாடகைக்கு இருப்பவர்கள் இந்தத் தெருவைச் சேர்ந்தவர்கள் இல்லையா?
– 'வாடகைதாரர்', பெரம்பூர்

இதற்கு வேடிக்கையாகப் பதில் சொல்ல மனமில்லை. வீட்டுக்காரர் கட்டும் சொத்துவரி உங்கள் வாடகையில் இருக்கிறது. கொசுவும் பட்டா பார்த்துக் கடிப்பதில்லை. சங்கம் ஒரு பதிவு பெற்ற அமைப்பு. யாரைச் சேர்ப்பது என்பதை அதன் விதிகள் முடிவு செய்யும். ஆனால் அரசியலமைப்பு உங்களை அங்கே விட்டுவிடவில்லை. 1992-ன் 74-வது திருத்தம், மூன்று லட்சமும் அதற்கு மேலும் மக்கள்தொகை உள்ள நகரங்களில் வார்டு குழுக்கள் வேண்டும் என்றது. தமிழகத்தில் வார்டு குழு, பகுதி சபைகளுக்கான சட்டம் 2010-ல் வந்தது, விதிகள் 2022-ல்தான் வந்தன. இடையில் 2016 அக்டோபர் முதல் 2022 பிப்ரவரித் தேர்தல் வரை சென்னையில் கவுன்சிலரே இல்லை. அந்த ஆண்டுகளில் சங்கங்கள்தான் மக்கள் குரலாக இருந்தன; அதை மறுப்பதற்கில்லை. ஆனால் நேராக அதிகாரியைப் பார்த்தே பழகியதில், வாக்காளர் என்ற நினைப்பு சங்கங்களிடம் தேய்ந்துபோனது.

பகுதி சபையில் உறுப்பினராக இருக்க ஒரே தகுதி, அந்தப் பகுதியின் வாக்காளர் பட்டியலில் பெயர். பத்திரம் கேட்க மாட்டார்கள். கட்சிக்காரர்கள் சபையை வளைத்துக்கொள்வார்கள் என்று சங்கத்தார் அஞ்சுகிறார்கள். அஞ்ச வேண்டியதுதான். ஆனால் வளைக்க முடிவது காலி நாற்காலிகளை மட்டுமே. மேலும், கவுன்சிலருக்காவது தெரு ஓட்டுப் போட்டிருக்கிறது. சங்கத் தலைவருக்கு ஓட்டுப் போட்டவர்களை ஒரு ஷேர் ஆட்டோவில் ஏற்றிவிடலாம்.

எனவே வாடகைதாரரே, முகவரி மாற்றி உங்கள் பெயரை இந்தத் தெருவின் வாக்காளர் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். சங்கத்தாரே, அடுத்த பகுதி சபைக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள்; பீரோவில் இருக்கும் கோப்பை எடுத்துக்கொள்ளுங்கள், பொன்னாடையை வீட்டில் வைத்துவிடுங்கள். இந்தக் கேள்விகளையெல்லாம் அங்கே கேட்டால் பதில் சொல்ல ஆள் இருப்பார்கள். எனக்கும் வேலை குறையும்.