ஹெவி எடுப்பவர்

ஹெவி எடுப்பவர் என்பவர், கார் ஓட்டும் லைசென்ஸ் ஒன்று பர்ஸில் இருந்தும் அது போதாமல், லாரி, பஸ், டிப்பர், டேங்கர் ஓட்டும் உரிமத்துக்காக டிரைவிங் ஸ்கூல் வாசலில் நிற்பவர். பொழுதுபோக்குக்காக யாரும் ஹெவி எடுப்பதில்லை. ஒவ்வொருவருக்கும் எங்கோ ஒரு வேலை சொல்லி வைக்கப்பட்டிருக்கிறது. சங்ககிரியிலோ மணலியிலோ நாலு வண்டி வைத்திருக்கும் முதலாளி ஒருவர், “பையனை ஹெவி எடுத்துட்டு வரச் சொல்லுங்க, பார்க்கலாம்” என்று மாமாவிடம் சொல்லியிருப்பார். மாமா ஊர் வந்து சேர்வதற்குள் அதிலிருந்து ‘பார்க்கலாம்’ உதிர்ந்துவிடும். அன்று முதல் வீட்டில் வேலை கிடைத்துவிட்டதாகவே பேச்சு. லைசென்ஸ் ஒன்றுதான் பாக்கி, அது சின்ன சமாச்சாரம்.

சட்டம் அதைச் சின்ன சமாச்சாரமாக எடுத்துக்கொள்ளவில்லை. 1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டப்படி, காருக்கு 18 வயது போதும்; போக்குவரத்து வாகனத்துக்கு 20 நிரம்பியிருக்க வேண்டும். அதோடு, கார் உரிமம் வாங்கி ஓராண்டாவது ஆகியிருந்தால்தான் ஹெவிக்கு எல்.எல்.ஆர். கிடைக்கும். அந்த ஓராண்டில் மனிதர் காரை ஓட்டிப் பழகியிருப்பார் என்பது சட்டத்தின் எதிர்பார்ப்பு. மனிதர் எதிர்பார்ப்பது ஓராண்டு முடிவதை. மைதானத்தில் ‘எச்’ போட்ட நாளுக்குப் பிறகு கார் ஸ்டியரிங்கைத் தொடாமலேயே அந்த ஆண்டைக் கழித்தவர்கள் இவர்களில் கணிசமாக உண்டு.

ஹெவியின் எல்லை எங்கே தொடங்குகிறது என்பதிலும் நெடுநாள் குழப்பம் இருந்தது. மொத்த எடை 7,500 கிலோவைத் தாண்டாத சரக்கு வண்டியைக் கார் உரிமத்தை வைத்தே ஓட்டலாம் என்று 2017இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2024 நவம்பரில் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு அதை உறுதிப்படுத்தியது. இன்சூரன்ஸ் வழக்குகளில் சிக்கியிருந்தவர்களுக்கு அது பெரிய விஷயம். ஹெவி எடுப்பவருக்கு அதில் கிடைத்த லாபம் வேறு. குட்டி யானை ஓட்டும் மச்சானைப் பார்த்து, “உன் லைன் வேற மாப்ள, என் லைன் வேற” என்று சொல்ல இப்போது உச்ச நீதிமன்றமே துணைக்கு இருக்கிறது.

இவர்களில் மூன்று வகையினரைப் பிரித்தறியலாம். முதல் வகை பட்டதாரி. போக்குவரத்து வாகன உரிமத்துக்கு எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்ற விதி 2019 வரை இருந்தது. வண்டி நன்றாக ஓட்டத் தெரிந்தும் பள்ளிக்கூடச் சான்றிதழ் இல்லாமல் பலர் திண்டாடினார்கள். அந்த விதியை எடுத்த பிறகு வரிசையில் முன்னால் நிற்பவர் பி.இ. மெக்கானிக்கல். டீசல் என்ஜின் எப்படி இயங்குகிறது என்று இவர் படம் வரைந்து பாகம் குறிப்பார். பேனட்டை எப்படித் திறப்பது என்றுதான் பக்கத்தில் இருப்பவரைக் கேட்பார். இரண்டாம் வகை, வாடகைக் கார் ஓட்டிச் சலித்தவர். சாலை இவருக்கு அத்துப்படி. ஆனால் முதுகுக்குப் பின்னால் 20 அடி நீளத்துக்கு ஏதோ ஒன்று கூடவே வருகிறது என்பதை மனம் ஏற்க நாளாகும்.

மூன்றாம் வகை கிளீனர். இவரைத் தனியாகக் கவனிக்க வேண்டும், ஏனென்றால் இந்த ஏற்பாட்டின் முழு விசித்திரமும் இவரிடம்தான் வெளிப்படுகிறது. பதினாறு வயதில் லாரியில் ஏறி, டயர் கழற்றி, தார்ப்பாய் கட்டி, மேட்டில் சக்கரத்துக்குக் கட்டை போட்டு, டிரைவர் அண்ணன் அசந்து தூங்கும் நேரத்தில் பெட்ரோல் பங்க் வளாகத்துக்குள் வண்டியைத் திருப்பி நிறுத்தி, கொஞ்சம் கொஞ்சமாக எல்லாம் கற்றுக்கொண்டவர். வளாகத்துக்கு வெளியிலும் நிறுத்தியிருப்பார். அதை யாரும் கேட்பதில்லை, அவரும் சொல்வதில்லை. உரிமம் இல்லாமல் ஓட்டியது குற்றம் என்பதால், அரசாங்கத்தின் முன் இவருக்கு லாரியைப் பற்றி ஒன்றுமே தெரியாது. ஆகவே டிரைவிங் ஸ்கூலில் பி.இ. படித்தவர் எல்லாம் தெரிந்தவர்போல் தலையாட்டிக்கொண்டிருக்க, கிளீனர் ‘இதுதான் கிளட்ச்சா அண்ணே?’ என்ற முகத்தோடு உட்கார்ந்திருப்பார். இரண்டில் கிளீனருடையதுதான் கடினமான நடிப்பு.

முதல் படி டாக்டர் சர்ட்டிபிகேட். போக்குவரத்து வாகனம் ஓட்டப் போகிறவருக்கு, பதிவு பெற்ற மருத்துவர் படிவம் 1ஏயில் கையெழுத்திட வேண்டும். படிவம் நன்றாகவே யோசித்துத் தயாரிக்கப்பட்டது. சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடிகிறதா, மாலைக்கண் உண்டா, ஹாரன் சத்தம் கேட்காத அளவுக்குச் செவிட்டுத்தனம் உண்டா என்றெல்லாம் கேட்கிறது. நல்ல பகல் வெளிச்சத்தில் 25 மீட்டர் தூரத்தில் உள்ள கார் நம்பர் பிளேட்டைப் படிக்க முடிகிறதா என்றும் கேட்கிறது. ஆர்.டி.ஓ. ஆபீஸ் பக்கத்துக் கிளினிக் எதுவும் 25 மீட்டர் நீளம் கிடையாது. எனவே நம்பர் பிளேட்டின் இடத்தைச் சுவரில் தொங்கும் மருந்துக் கம்பெனி காலண்டர் பிடித்துக்கொள்கிறது. மாலைக்கண் விசாரணை காலை பதினொரு மணிக்கு, “இருக்கா?”, “இல்ல சார்” என்ற அளவில் முடிகிறது. செவித்திறனைச் சோதிக்க டாக்டர் தனியாக எதுவும் செய்ய வேண்டியதில்லை; வாசலில் பஸ்கள் அதைச் செய்துவிடுகின்றன.

எல்.எல்.ஆர். கையில் வந்து 30 நாள் கழிந்தால்தான் ஓட்டுநர் தேர்வு. எல்.எல்.ஆர். ஆறு மாதம் செல்லும். இந்த இடைவெளியில் பயிற்சி. கனரக வாகனத்துக்கு 30 நாளுக்குக் குறையாத பயிற்சி, அதில் ஓட்டும் நேரம் மட்டும் 15 மணிக்குக் குறையக் கூடாது என்பது மத்திய மோட்டார் வாகன விதி. நாமக்கல்லில் அசோக் லேலண்டின் பயிற்சி நிலையம், கும்மிடிப்பூண்டியில் ஐ.ஆர்.டி. எனப்படும் சாலைப் போக்குவரத்து நிறுவனத்தின் கனரகப் பயிற்சி மையம் என்று முறையாகச் சொல்லித்தரும் இடங்கள் தமிழ்நாட்டில் உண்டு. ஆனால் ஹெவி எடுப்பவருக்கு அவசரம். மாமா வேறு தினமும் போன் செய்கிறார். அவர் சேர்வது தெருக்கோடி டிரைவிங் ஸ்கூலில்.

அந்த ஸ்கூலின் லாரி, சரக்குச் சுமந்து ஓய்ந்தபின் கல்வித்துறைக்கு வந்தது. முன்னும் பின்னும் சிவப்பு ‘எல்’. காலை ஆறு மணிக்குக் கேபினில் மூன்று பேர், பின்னால் ஐந்து பேர். ஒருவர் ஓட்ட, ஏழு பேர் அவர் ஓட்டுவதைக் குறை சொல்வார்கள். பைபாஸ் பிரிவில் ஏறியவர் டீக்கடை வரை. டீக்கடையில் ஏறியவர் ரயில்வே கேட் வரை. இந்தக் கணக்கில் 15 மணி நேரம் சேர எத்தனை டீக்கடை தேவைப்படும் என்று பி.இ. படித்தவர் ஒரு நாள் கணக்குப் போடத் தொடங்கி, மாஸ்டர் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொள்வார்.

இருந்தாலும் அந்தக் கேபினில் சில உண்மையான பாடங்கள் நடக்கின்றன. முதலாவது ஏர் பிரேக். கார் பழக்கத்தில் பெடலை ஓங்கி மிதித்தால், காற்றழுத்தம் எல்லாச் சக்கரத்தையும் ஒரே பிடியாகப் பிடித்து, பின்னால் இருக்கும் ஐந்து மாணவர்களும் முன்னால் வந்து சேர்வார்கள். டேங்கில் காற்று ஏறி முள் மேலே வரும்வரை வண்டியை எடுக்கக் கூடாது என்பதும் அங்கேதான் தெரியவரும். இரண்டாவது திருப்பம். நீள வண்டி திரும்பும்போது பின்வீல், முன்வீல் போன தடத்தில் போகாது. உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும். அதனால் இடப்பக்கச் சந்தில் நுழைய, முதலில் வலப்பக்கம் அகலமாகப் போய்ப் பிறகு ஒடிக்க வேண்டும். முனையில் இருக்கும் இளநீர்க் கடைக்காரருக்கு இந்தப் பாடம் ஏற்கெனவே தெரியும்; ‘எல்’ போர்டைக் கண்டதும் குலைகளை உள்ளே நகர்த்துவார். மூன்றாவது ரிவர்ஸ். பின் கண்ணாடி கிடையாது, பக்கக் கண்ணாடிகள்தான் கண். “ஒடி... ஒடி... இன்னும் ஒடி... நேர் பண்ணு... வா, வா, வா...” என்ற குரலை நம்பித்தான் உலகம். அந்தக் குரல் ஆபத்தான கட்டத்தில் மட்டும் மௌனமாகிவிடும் இயல்புடையது.

பயிற்சியின் பாதிப்பு வீட்டிலும் தெரியத் தொடங்கும். பைக்கை அவர் இனி வண்டி என்று சொல்லமாட்டார். டவுன் பஸ்ஸில் ஏறினால் பின்னால் சீட் காலியாக இருந்தாலும் டிரைவருக்குப் பக்கத்தில்தான் நிற்பார். ஒவ்வொரு கியர் மாற்றத்துக்கும் மெல்லத் தலையாட்டுவார். ஒன்று பிசகினால் உச்சுக் கொட்டுவார். இருபது வருட சர்வீஸ் உள்ள அந்த டிரைவர் கண்ணாடியில் ஒருமுறை பார்த்து, “எல்.எல்.ஆரா தம்பி?” என்று கேட்பார். அடையாளம் அவ்வளவு எளிது. சொந்தக்காரர் காரில் போகும்போதோ, “டீசல் வண்டியா? எத்தனை டன் இழுக்கும்?” என்பார். பெண் பார்க்கும் வீட்டில் அவரைப் பற்றிச் சொல்லப்படுவது ஆளுக்கு ஆள் மாறுபடும்: அம்மா வாயில் ‘டிரான்ஸ்போர்ட் லைன்’, தரகர் வாயில் ‘லாஜிஸ்டிக்ஸ்’. தகப்பனார் மட்டும் உள்ளதைச் சொல்லிக் காரியத்தைக் கெடுப்பார்.

தேர்வில் என்னென்ன பார்க்க வேண்டும் என்பதற்கும் விதியில் பட்டியல் உண்டு. கண்ணாடியைச் சரிசெய்தல், நேராகவும் கோணமாகவும் கிளப்புதல், டாப் கியர் வரை போய்க் கீழிறக்குதல், மேட்டில் நிறுத்திப் பின்னால் உருளாமல் மறுபடி எடுத்தல், ரிவர்ஸ், சைகைகள். இதில் ஒன்றிரண்டை ஊருக்கு ஊர் வசதிப்படி பார்க்கிறார்கள். மேடே இல்லாத மைதானத்தில் மேட்டுப் பரீட்சையை வாய்மொழியாகத்தான் நடத்த முடியும். கைச்சைகைதான் மிகப் பெரிய சோதனை. வலப்பக்கம் உட்கார்ந்திருப்பவர் இடப்பக்கம் திரும்பப் போவதை, வலது கையை வெளியே நீட்டிக் கடிகாரத்துக்கு எதிர்ச்சுற்றாகச் சுழற்றிக் காட்ட வேண்டும். அரிசி ஆட்டும் பாவனையில் சுற்றும் இந்தக் கையைத் தேர்வு மைதானத்துக்கு வெளியே யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். நிஜத்தில் அந்த வேலையைக் கிளீனர் இடப்பக்க ஜன்னலில் பாதி உடம்பை வெளியே விட்டு, கதவைத் தட்டித் தட்டிச் செய்கிறார்.

மோட்டார் வாகன ஆய்வாளரைப் பழைய ஆட்கள் இன்னும் பிரேக் இன்ஸ்பெக்டர் என்பார்கள். கழுத்துப் பட்டன் வரை போட்டுக்கொண்டு, நெற்றியில் விபூதியோடு, மாணவர்கள் அவர் முன் வரிசையாக நிற்பார்கள். பி.இ. படித்தவர் ஏறுகிறார். வண்டி ஆஃப் ஆகிறது. மறுபடி ஆஃப் ஆகிறது. மூன்றாம் முறை துள்ளிக் குதித்து ஓடி, தானே ஓரிடத்தில் நிற்கிறது. “பரவாயில்ல, பழகிடும்” என்கிறார் இன்ஸ்பெக்டர். புதிதாகக் கற்றவர் என்பதில் சந்தேகமே இல்லை. அடுத்து கிளீனர். கை பழக்கம் அவரைக் காட்டிக்கொடுக்கிறது. ஏறிய வேகத்தில் ஒரு கையால் ஸ்டியரிங்கைச் சுழற்றி, தலையை ஜன்னலுக்கு வெளியே விட்டு, ஒரே மூச்சில் ரிவர்ஸ் எடுத்து, கோட்டின் மேல் நிறுத்துகிறார். மைதானம் அமைதியாகிறது.

“எங்க ஓட்டிப் பழகின?”

“ஸ்கூல்லதான் சார். முப்பது நாளு.”

“முப்பது நாள்ல இப்படி வருமா?”

“மாஸ்டர் நல்லா சொல்லிக் குடுத்தாரு சார்.”

மாஸ்டர் வானத்தைப் பார்க்கிறார். ஒன்றிரண்டு தடவை வண்டியை ஆஃப் பண்ணச் சொல்லி முந்தைய நாளே பாடம் நடத்தியவர் அவர்தான். ஹெவி எடுப்பவர்களில் நன்றாக ஓட்டியதற்காக விளக்கம் சொல்ல வேண்டிவருபவர் கிளீனர் ஒருவரே.

லைசென்ஸ் தபாலில் வந்ததும் அது முதலில் போவது பூஜை அறைக்கு, பிறகு வாட்ஸப் ஸ்டேட்டஸுக்கு, அதன் பின்னரே முதலாளியிடம். முதலாளி அட்டையை வெளிச்சத்தில் பிடித்து, போட்டோவைப் பார்க்காமல் தேதியைப் பார்க்கிறார். “நேத்துதான் எடுத்திருக்கீங்களே தம்பி. எக்ஸ்பீரியன்ஸ்?” எக்ஸ்பீரியன்ஸ் வேண்டுமானால் ஓட்ட வேண்டும், ஓட்ட வேண்டுமானால் எக்ஸ்பீரியன்ஸ் வேண்டும். அரசுப் போக்குவரத்துக் கழகம் பக்கம் போனால் கனரக உரிமத்தோடு பதினெட்டு மாத அனுபவம், பேட்ஜ், முதலுதவிச் சான்றிதழ் என்று பட்டியல் நீள்கிறது. நாமக்கல் பக்கம் கேஸ் டேங்கருக்குக் கேட்டாலோ, ஆபத்தான சரக்கு ஏற்ற மூன்று நாள் தனிப் பயிற்சி முடித்து உரிமத்தில் குறிப்பு ஏற்ற வேண்டும். இந்திய மொழி ஒன்றோடு ஆங்கிலமும் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். பின்பக்கத்தில் ஒட்டியிருக்கும் எச்சரிக்கையை ஓட்டுபவரே படிக்க முடியாமல் போகக் கூடாதல்லவா. பி.இ. படித்தவரின் படிப்பு முதன்முதலாகப் பயன்படும் இடம் இதுதான்.

மற்றவர்களுக்கு நடுவழி ஒன்று கிடைக்கிறது. சென்னைக்காரருக்குத் தண்ணீர் லாரி. வெளியூர்க்காரருக்குச் செங்கல் லோடு. நெடுந்தூர வண்டி என்றால் செகண்ட் டிரைவர். செகண்ட் டிரைவர் என்பவர், பெரிய டிரைவர் தூங்கும்போது ஓட்டவும், விழித்திருக்கும்போது டீ வாங்கவும், கிளீனர் வராத நாளில் டயர் தட்டவும் கடமைப்பட்டவர். கிளீனராக இருந்து ஹெவி எடுத்தவருக்கு இதில் புதிதாகச் சேர்ந்தது கொஞ்சம் கூடுதல் பேட்டாவும், செக்போஸ்ட்டில் காட்ட ஒரு கார்டும்.

அந்தக் கார்டில் செல்லுபடியாகும் தேதிகள் இரண்டு இருக்கின்றன. முப்பது வயதுக்கு உட்பட்டவருக்குச் சொந்தக் கார் ஓட்டும் உரிமம் நாற்பது வயது வரை செல்லும். போக்குவரத்து வாகன உரிமத்துக்கு ஐந்தே ஆண்டு. 2019 திருத்தத்துக்கு முன் மூன்றாக இருந்தது. அது முடிந்ததும் பழைய கிளினிக், அதே காலண்டர். நாற்பது வயது வரை ஓட்டலாம் என்று சட்டம் தாராளமாக அனுமதித்திருக்கும் கார் அவரிடம் இல்லை.