கேள்வி – பதில்

கே: எண் பெரிதாக இருந்தால் மட்டும் அதற்குப் பெருமை வந்துவிடுமா?
– ஒரு வாசகி, பனமரத்துப்பட்டி

ப: வராது. யார் வந்து வகுத்தாலும் மீதி வைக்காமல் பிரிந்து கொடுக்கும் எண்ணுக்குத்தான் பெருமை! உங்கள் ஊர் அரளிப் பூவை 12 கூடையில் நிரப்பினால் 2, 3, 4, 6 பேர் சமமாகப் பங்கிடலாம். 11 கூடை என்றால் தகராறுதான். 12-க்கு 6 வகுஎண்கள். அதைவிடச் சிறிய எந்த எண்ணுக்கும் அத்தனை இல்லை.

இப்படிப்பட்ட வள்ளல் எண்களை 1915-இல் ஆராய்ந்து பட்டியலிட்டவர், உங்களுக்குப் பக்கத்து ஈரோட்டில் பிறந்த ராமானுஜன். பட்டியலின் கடைசி எண் 67,46,32,83,88,800. இதற்கு 10,080 வகுஎண்கள்! 1 முதல் 28 வரை எதனால் வகுத்தாலும் மீதி வராது. 29-இல்தான் முதல்முறையாகக் கையை விரிக்கும். இதையே 23-ஆல் வகுத்தால் 2,93,31,86,25,600. இதுவும் வள்ளல்தான், ஆனால் ராமானுஜன் பட்டியலில் விடுபட்டுப்போனது. கணிப்பொறி இல்லாத காலத்தில், லட்சம் கோடிகளைத் தாண்டிய கணக்கை வெறும் கையால் போட்டவர் அவர். உங்கள் வீட்டுப் பிள்ளைகளிடம் 360-ஐக் கொடுத்து வகுஎண்களைத் தேடச் சொல்லுங்கள். 24 கிடைக்கும், கணக்கின் மேல் ஆசையும் கூடவே வரும்.